மரத்தில் தொடங்கும் சாராயம்

சாராய வடிசாலையில் வேலை பார்த்தவன் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அப்ப நீங்கள் நல்லாக் குடிப்பியளோ?" மோந்து பார்ப்பதும் நாவில் வைத்துத் துப்புவதும்தான் என் வேலை என்று சொன்னால் சிரிப்பார்கள். இரண்டாவதாகக் கேட்கவேண்டிய கேள்வியை அனேகமாக எவரும் கேட்டதில்லை. அந்தச் சாராயம் எதிலிருந்து வருகிறது? இலங்கையில் சாராயக் கடை இல்லாத பட்டினம் அரிது. ஆனால் போத்தலுக்குள் இருப்பது தென்னையா, பனையா, கரும்பா என்று தெரிந்து வாங்குகிறவர்கள் மிகக் குறைவு.

இந்தத் தொழிலில் தலை நரைத்த எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. எங்கள் நாட்டுச் சாராயத்தின் தரம் மரத்தின் உச்சியிலேயே முக்கால்வாசி தீர்மானமாகிவிடுகிறது. வடிசாலை அதைக் காப்பாற்றலாம், கெடுக்கலாம். இல்லாததைப் புதிதாக உண்டாக்க முடியாது. அப்படியிருந்தும் இந்தத் தொழிலில் மிகக் குறைந்த கூலியும் மிகக் குறைந்த மரியாதையும் மரத்தில் ஏறுகிறவருக்குத்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கயிற்றில் நடப்பவர்கள்

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரன். பனங்காட்டு ஓரத்தில் வளர்ந்தவன். இரசாயனம் படித்துவிட்டு 1970-களின் நடுவில் கொழும்புக்குத் தெற்கே, களுத்துறைக் கரையோரத்து வடிசாலையொன்றில் ஆய்வுகூட உதவியாளனாகச் சேர்ந்தேன். மதுவரித் திணைக்களம் நடத்திவந்த சாராய உற்பத்தி 1974-ல் சட்டமொன்றின் மூலம் அரச கூட்டுத்தாபனத்துக்குக் கைமாறியிருந்த காலம் அது. தனியார் வடிசாலைகளும் இருந்தன. ரொக்லண்ட் 1924-லும் மென்டிஸ் 1929-லும் தொடங்கிய பழைய நிறுவனங்கள்.

வாத்துவை, களுத்துறை, பயாகலை, பேருவளை என்று கடலோரமாகப் போகும் காலி வீதியில் பயணம் செய்தவர்கள் அந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். தென்னந்தோப்பின் உச்சியில் மரத்துக்கு மரம் இரண்டிரண்டு தும்புக் கயிறுகள் கட்டியிருக்கும். கீழ்க்கயிற்றில் பாதம், மேல்கயிற்றில் கை. கள் சீவுபவர் ஒரு மரத்தில் ஏறினால் தரைக்கு இறங்காமலே அடுத்தடுத்த மரங்களுக்குப் போய்விடுவார். ஒவ்வொரு மரத்துக்கும் ஏறி இறங்கினால் காலைப்பொழுது போதாது என்பதால் வந்த ஏற்பாடு இது. யாழ்ப்பாணத்தில் காலில் தளைநாரைப் போட்டு மரம் மரமாக ஏறி இறங்குபவர்களையே பார்த்துப் பழகிய எனக்கு முதலில் நெஞ்சு பதறியது. அவர்களுக்கு அது நடைபாதை.

தென்னம்பாளை வெடிப்பதற்கு முன்பே அதை நாரால் இறுக்கிக் கட்டவேண்டும். சிறு பொல்லால் நாள்தோறும் மெல்லத் தட்டவேண்டும். பலமாகத் தட்டினால் உள்ளே நைந்து அழுகும். அளவுக்கு மீறி மெல்லத் தட்டினால் சாறு இறங்காது. நுனியைக் காலையும் மாலையும் சீவவேண்டும், அதுவும் மிக மெல்லியதாக. தடிப்பாகச் சீவினால் பல நாள் கள்ளுத் தரவேண்டிய பாளை பாதியில் தீர்ந்துபோகும். இவ்வளவும் சரியாக அமைந்தால் நல்ல தென்னை நாளுக்கு ஒரு லீற்றர், ஒன்றரை லீற்றர் தரும். ஒரு நாள் சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். பௌர்ணமியான பொயா தினத்தில் நாடு முழுவதும் மதுக்கடை பூட்டியிருக்கும். மரத்துக்குப் பொயா தெரியாது; அன்றும் ஏறியே ஆகவேண்டும்.

தென்மேற்குப் பருவமழையில் நனைந்த தும்புக் கயிறு வழுக்கும். பழைய கயிறு உள்ளே இற்றுப்போயிருப்பது வெளியே தெரியாது. விழுந்தவர்களைப் பற்றித் தோப்பில் எவரும் அதிகம் பேசமாட்டார்கள். "அவர் இப்ப கடை வைச்சிருக்கிறார்" என்பார்கள். முதுகெலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் இருந்து பெட்டிக்கடை நடத்துகிறார் என்பது அதன் பொருள்.

கள்ளு வந்து சேரும் நேரம்

என் வேலை விடியலில் தொடங்கும். தோப்புகளிலிருந்து கள்ளு வந்து இறங்கும்போது ஒவ்வொரு கொள்கலத்திலும் மாதிரி எடுக்கவேண்டும். அற்ககோல் எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, தண்ணீர் கலந்திருக்கிறதா, சீனி கரைத்து ஊற்றியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கள்ளின் விலை அதன் அற்ககோல் பலத்தைப் பொறுத்தது. ஆகவே நான் எழுதும் எண் ஒருவருடைய அன்றைய சோறு.

கள்ளைப் போல அவசரமான மூலப்பொருளை நான் கண்டதில்லை. விஸ்கிக்காரர் பார்லியைக் களஞ்சியத்தில் வைத்திருக்கலாம். ரம் வடிப்பவர் கழிவுப்பாகை மாதக்கணக்கில் தாங்கியில் நிரப்பி வைக்கலாம். கள்ளு ஒரு நாளும் பொறுக்காது. பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் 12 முதல் 15 வீதம் வரை சீனி இருக்கும். சொட்டும்போதே காற்றிலிருந்தும் முட்டியின் சுவரிலிருந்தும் ஈஸ்ட் அதில் சேர்ந்துவிடும். தனியாக எதையும் போட்டு நொதிக்க வைக்கத் தேவையில்லை. நேற்றைய கள்ளின் மண்டி ஒட்டியிருக்கும் முட்டியே இன்றைய கள்ளின் வித்து. சில மணி நேரத்தில் அற்ககோல் 5, 6 வீதத்துக்கு ஏறும். நல்ல நாளில் அதற்கு மேலும் போகும். அதன்பின் பக்ரீரியாவின் முறை. அற்ககோல் அசற்றிக் அமிலமாக மாறத் தொடங்கும். விட்டுவைத்தால் அது கள்ளு இல்லை, வினாகிரி.

தோப்பிலிருந்து வடிசாலை வரையுள்ள நேரமே சாராயத்தின் தலைவிதி என்று சொல்வது இதனால்தான். புளித்துப்போன கள்ளை வடித்தால் மதுவில் நகப்பூச்சு மணம் ஏறும். எத்தனை முறை வடித்தாலும் அந்த நெடி முழுதாகப் போகாது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் அளவு குறையக்கூடாது என்பதற்காக, புளித்த கள்ளையும் நல்ல கள்ளோடு சேர்த்து ஊற்றச் சொன்ன முகாமையாளர் ஒருவர் இருந்தார். கணக்கில் லீற்றர் சரியாக வந்தது. நாலைந்து ஆண்டுகள் கழித்து மரத்தொட்டியைத் திறந்தபோது அந்தப் புளிப்பும் கூடவே முதிர்ந்திருந்தது.

செம்பும் மூக்கும்

வடிப்பதன் தத்துவம் எளிது. அற்ககோல் 78 பாகை செல்சியஸ் அளவில் கொதிக்கும், நீர் 100-ல். சூடாக்கினால் அற்ககோல் முந்திக்கொண்டு ஆவியாகும். அதைக் குளிரவைத்துப் பிடிக்கவேண்டும். ஆனால் கள்ளில் இருப்பவை இந்த இரண்டு மட்டுமில்லை. முதலில் வருவதில் காரமான, கண்ணை எரிக்கும் பொருட்கள் அதிகம். கடைசியில் வருவதில் எண்ணெய்ப் பிசுக்கும் ஈரத்துணி மணமும் அதிகம். இடையில் வருவதே நாங்கள் தேடுவது. முதல் வடியை எப்போது ஒதுக்குவது, கடை வடியை எப்போது வெட்டுவது என்பதில்தான் வடிப்பவரின் கைவண்ணம்.

எங்கள் வடிசாலையில் கொதிகலனைக் கவனித்த பாஸ் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் இல்லை. வெப்பமானியைப் பார்ப்பார், ஆனால் அதை நம்பமாட்டார். குழாயின் வாயில் உள்ளங்கையை நனைத்து, இரு கைகளையும் தேய்த்து மூக்கருகே கொண்டுபோவார். "மஹத்தயா, இன்னும் கொஞ்சம் பொறுங்கள்" என்பார். நான் ஆய்வுகூடத்தில் அளந்து பார்த்துவிட்டு வரும்போது அவர் ஏற்கெனவே வால்வைத் திருப்பியிருப்பார். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

தென்னஞ்சாராயத்துக்குப் பானைக் கொதிகலனும் உண்டு, தொடர்ச்சியாக வடிக்கும் தூண் கொதிகலனும் உண்டு. தூண் கொதிகலனுக்கு 1830-ல் காப்புரிமை பெற்ற ஈனியஸ் கொஃபி அயர்லாந்தில் கலால் அதிகாரியாக இருந்தவர். சாராயக்காரரைப் பிடிப்பதில் ஆயுள் கழித்தவரின் இயந்திரமே இன்று உலகச் சாராயத்தில் பெரும்பகுதியை வடிக்கிறது. இந்தக் கதையை எங்கள் மதுவரி அதிகாரிகளிடம் சொல்வதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். தூணில் வேகமும் சுத்தமும் அதிகம். பானையில் மணம் அதிகம். எதில் வடித்தாலும் செம்பு வேண்டும். கள்ளிலிருந்து வரும் கந்தக நாற்றத்தைச் செம்பு பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால்தான் உருக்கு மலிவாகக் கிடைத்த பிறகும் செம்பை விடவில்லை.

ஒரு கணக்கை வாசகர் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். 6 வீத அற்ககோல் உள்ள கள்ளு 100 லீற்றரில் 6 லீற்றர் தூய அற்ககோல். 750 மில்லிலீற்றர் போத்தலில் 36 வீதச் சாராயம் என்றால் அதற்குள் 270 மில்லிலீற்றர் அற்ககோல் இருக்கிறது. ஆகவே முழுக்க முழுக்கத் தென்னஞ்சாராயமான ஒரு போத்தலுக்கு நாலரை லீற்றர் கள்ளாவது வேண்டும். சேதாரத்தைச் சேர்த்தால் ஐந்து லீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று நான்கு மரங்களின் ஒரு நாள் உழைப்பு ஒரு போத்தலுக்குள் போகிறது.

இரண்டு பூட்டு

வடிசாலையில் எந்தக் கதவைத் திறந்தாலும் அரசாங்கம் நிற்கும். களஞ்சியத்துக்கு இரண்டு பூட்டு: ஒரு சாவி எங்களிடம், மற்றது மதுவரி அதிகாரியிடம். இருவரும் சேர்ந்து வந்தாலொழியக் கதவு திறவாது. ஒவ்வொரு தொட்டிக்கும் அளவுகோல், ஒவ்வொரு குழாய்க்கும் முத்திரை. மரத்தில் கள் இறக்குவதற்கே அனுமதி வேண்டும்.

பலத்தை அளக்கும் முறையும் பிரித்தானியர் விட்டுச்சென்றது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சைக்ஸ் நீரமானியும் அதற்கான அட்டவணைப் புத்தகமும்தான் வேதம். வெடிமருந்தைச் சாராயத்தில் நனைத்துத் தீ வைத்தால் பற்றவேண்டும் என்ற பழைய சோதனையிலிருந்து வந்த 'புரூஃப்' கணக்கு அது. அந்தக் கணக்கில் 100 என்பது இன்றைய 57.1 வீதம். வரி விதிப்பதில் அந்தச் சொல் எங்கள் நாட்டில் நெடுங்காலம் உயிரோடு இருந்தது.

இந்தப் பூட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஒல்லாந்தர் காலத்திலேயே இலங்கைச் சாராயம் கப்பலேறியது. பிரித்தானியர் ஆட்சியில் ஒரு பகுதியில் சாராயம் விற்கும் உரிமையை ஏலம் விட்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். அந்தக் குத்தகையில் மொறட்டுவை, பாணந்துறைப் பக்கத்துக் குடும்பங்கள் பல பெருஞ்செல்வம் சேர்த்தன. அந்தப் பணம் கோப்பித் தோட்டமாகவும் காரீயச் சுரங்கமாகவும் பிள்ளைகளின் இங்கிலாந்துப் படிப்பாகவும் மாறியது. நாட்டின் முதலாளி வர்க்கம் ஒன்று இப்படிச் சாராயத்திலிருந்து எழுந்ததை வரலாற்றாசிரியர் குமாரி ஜயவர்த்தன விரிவாக எழுதியிருக்கிறார்.

1912-ல் வந்த 8-ஆம் இலக்க மதுவரிச் சட்டம் பழைய குத்தகை முறையை மாற்றியது. ஆனால் கள்ளுத் தவறணைகள் ஊர் ஊராகப் பெருகும் என்ற பயத்தை அது கிளப்பியது. மதுவிலக்கு இயக்கம் சூடுபிடித்தது. அந்த இயக்கத்தில் முன்னின்ற டி. எஸ். சேனாநாயக்க 1915 கலவரத்தின்போது சிறைவைக்கப்பட்டார். 1947-ல் நாட்டின் முதல் பிரதமரானார். சாராயத்தால் ஒரு வர்க்கம் பணம் சேர்த்தது. சாராயத்தை எதிர்த்து ஓர் அரசியல் தலைமுறை பெயர் சேர்த்தது. இரண்டிலும் மரமேறியவர் பெயர் வரவில்லை.

தொட்டியில் ஆண்டுகள்

கொதிகலனிலிருந்து வரும் சாராயம் நிறமற்றது, முரடானது. அதை மரத்தொட்டியில் ஊற்றிவைக்கவேண்டும். நாங்கள் சவண்டலை என்று சொல்லும் மரம் சிங்களத்தில் ஹல்மில்ல. திருகோணமலைத் துறைமுகம் வழியாக ஏற்றுமதியானதால் ஆங்கிலேயர் அதற்கு அந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். பீப்பாய்க்கும் படகுக்கும் பேர்போன மரம். ஓக் மரம் போல வனிலா மணத்தை அள்ளிக் கொடுக்காது. மெதுவாக, அடக்கமாக வேலை செய்யும். தென்னம்பூவின் மணத்தை மூடிவிடாமல் முரட்டுத்தனத்தை மட்டும் தணிக்கும். ஓக் பீப்பாயில் வைத்த சாராயம் வேறு பாதையில் போகும். அது பிராண்டியின் பக்கம் சாயும்.

வெப்ப நாட்டில் முதிரவைப்பது செலவான காரியம். ஸ்கொட்லாந்தில் ஆண்டுக்கு 2 வீதமளவு ஆவியாகிப் போகும் என்பார்கள். எங்கள் கரையோர வெக்கையில் அதைவிட அதிகமாகவே போகும். அதனால் பத்து, பதினைந்து ஆண்டு வைத்த சாராயத்தின் விலை ஏன் அப்படி என்று கேட்பவர்களுக்கு நான் காலித் தொட்டியைக் காட்டுவேன்.

ருசி பார்க்கும் நேரம் முற்பகல். காலையில் காரமில்லாத சாப்பாடு. முதல் நாள் இரவு மீன்குழம்பில் கொச்சிக்காய் ஏறியிருந்தால் அடுத்த நாள் நாக்கு வேலைக்கு உதவாது. சாராயத்தைப் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுத்தான் மோந்து பார்ப்போம். பலமாக இருக்கும்போது மூக்கை மரத்துப்போகச் செய்யும் அற்ககோல், தண்ணீர் பட்டதும் விலகி மணத்துக்கு வழிவிடும். நல்ல தென்னஞ்சாராயத்தில் முதலில் பூமணம், பிறகு பழமணம், கடைசியில் தேங்காய் வறுத்தாற்போல் ஒரு மெல்லிய நெய்ப்பு. தொட்டிக்குத் தொட்டி இவை கூடும், குறையும். இருபது முப்பது தொட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்து, போன ஆண்டு குடித்தவர் இந்த ஆண்டும் அதே சாராயம்தான் என்று நினைக்கும்படி செய்வதுதான் கலப்பவரின் வேலை.

கலப்பு என்பதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. அங்கேதான் தொழிலின் நோய் தொடங்குகிறது. கந்தளாய், ஹிங்குராணை, செவனகல, பெல்வத்த என்று சீனி ஆலைகள் வந்தன. சீனி எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகிலிருந்து மலிவாக மதுசாரம் வடிக்கலாம். அதற்குப் பாளை தட்டத் தேவையில்லை, கயிற்றில் நடக்கத் தேவையில்லை. அந்த மதுசாரத்தில் கொஞ்சம் தென்னஞ்சாராயத்தை விட்டு, நிறமும் மணமும் சேர்த்தால் அதுவும் கடையில் சாராயம்தான். கலப்பது சட்டவிரோதம் அல்ல. தென்னஞ்சாராயம், கழிவுப்பாகுச் சாராயம், பதப்படுத்திய சாராயம் என்று சட்டம் வகை பிரித்தே வைத்திருக்கிறது. ஆனால் தவறணைக்கோ மதுக்கடைக்கோ வந்து "கால் போத்தல் சாராயம்" கேட்பவரிடம் எவரும் வகை சொல்வதில்லை.

கூட்டுத்தாபனம் 1989-ல் கம்பனியாக மாற்றப்பட்டு 1992-ல் தனியார் கைக்குப் போனது. அதன்பின் விளம்பரமும் போத்தலின் அழகும் கூடின. தோப்பில் கயிறுகள் குறைந்துகொண்டே வந்தன.

பனையின் பக்கம்

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நான் தெற்கில் நிற்கவில்லை. ஊருக்கு வந்து பனங்கள்ளோடு வாழ்ந்தேன். 1978-ல் பனை அபிவிருத்திச் சபை அமைந்திருந்தது. சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தவறணைகளை நடத்தத் தொடங்கியிருந்தன. தவறணை முதலாளியிடமிருந்து தொழில் தொழிலாளியின் கைக்கு வந்தது வடக்கின் தொழிலாளர் வரலாற்றில் பெரிய விஷயம். அதற்கு உரிய பாராட்டு இன்னும் கிடைக்கவில்லை. மிஞ்சும் கள்ளை வீணாக்காமல் வடிக்க வடமராட்சியில் திக்கம் வடிசாலை வந்தது.

பனை தென்னையைப் போல ஆண்டு முழுவதும் கள்ளுத் தராது. தை பிறந்து பாளை வந்தபின் ஆடி வரைதான் அதன் காலம். சித்திரையிலும் வைகாசியிலும் கள்ளு வெள்ளமாக வரும். தவறணைகளில் விற்று முடியாது. அந்த வெள்ளத்தைப் பிடித்து வைக்கும் ஒரே வழி வடிப்பதுதான். ஆகவே வடக்கின் வடிசாலை சில மாதம் மூச்சுவிட நேரமில்லாமலும் சில மாதம் சும்மாவும் இருக்கும். தெற்கிலிருந்து வந்து கணக்குப் பார்க்கும் அதிகாரிகளுக்கு இது விளங்குவதேயில்லை.

பனைக்கு இன்னொரு போட்டியும் உண்டு. அதே பாளை, அதே முட்டி. முட்டியைக் கழுவி உள்ளே சுண்ணாம்பு தடவினால் நொதியாமல் கருப்பநீர் கிடைக்கும், காய்ச்சினால் பனங்கட்டி. தடவாவிட்டால் கள்ளு. 1990-களின் பொருளாதாரத் தடையில் சீனி கிடைக்காதபோது யாழ்ப்பாணம் தேநீருக்குப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் சமாளித்தது. ஒருமுறை என்னிடம் வந்த கள்ளில் அற்ககோல் ஏறவே இல்லை. என்ன காரணம் என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். முதிய சீவல்காரர் ஒருவர் விரலால் தொட்டு நாவில் வைத்தார். "ஐயா, உது சுண்ணாம்பு முட்டி. ஆரோ மாறிக் கட்டிப்போட்டாங்கள்" என்றார். "அண்ணை, நீங்கள் வந்து ஆய்வுகூடத்தில இருங்கோ, நான் மரத்தில ஏறுறன்" என்றேன். அவர் சிரித்தார். ஆனால் என்னை 'தம்பி' என்று கூப்பிட அவருக்குக் கடைசி வரை வாய் வரவில்லை. தன்னில் பாதி வயதுக்காரனையும் 'ஐயா' என்றே அழைக்கப் பழக்கப்படுத்தப்பட்ட தலைமுறை அது. அவர் இறக்கிய கள்ளைப் பிளாவில் ஏந்திக் குடித்த கைகள், அவர் வீட்டுத் தண்ணீரைத் தொடாது. யாழ்ப்பாணத்துச் சாதியின் இந்தக் கூத்தைச் சொல்லாமல் கள்ளைப் பற்றி எழுதுவது பொய்.

போர் பனைகளையும் விடவில்லை. பதுங்குகுழிக்கு வெட்டியவை, எறிகணையில் தலை போனவை, பாதுகாப்பு வலயங்களுக்குள் எவரும் ஏறாமல் நின்றவை என்று தோப்புகள் தேய்ந்தன. ஒரு வடலி சீவுகிற பனையாக வளரப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். மரம் வளர்ந்துவிடும். ஏறுகிறவர் வளர்கிறாரா என்பதுதான் கேள்வி. தகப்பன் ஏறிய மரத்தில் மகன் ஏற விரும்புவதில்லை. பட்ட அவமானத்தைப் பார்த்தால் அந்த மகனில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் மண்ணில் விளைவது எது

பியர்த் தொழிலிலும் எனக்கு நண்பர்கள் உண்டு. 1881-ல் நுவரெலியாவின் குளிரில் தொடங்கியதாகச் சொல்லும் லயன், பின்னர் பியகமவுக்கு இறங்கி வந்து இன்று பல நாடுகளுக்குப் போகிறது. மைக்கேல் ஜாக்சன், பாடகர் அல்ல, பியரைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஆங்கிலேயர், அதன் ஸ்டவுட்டைப் பெரிதும் மெச்சினார். நல்ல சரக்குத்தான். ஆனால் அதற்கான மோல்ட்டும் ஹொப்ஸும் கப்பலில் வருபவை. தண்ணீர்தான் எங்களுடையது. வைன் என்று சொல்ல எங்கள் நாட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்து முந்திரிகைக் கொடிகள் பெரும்பாலும் பழத்துக்கானவை. தோலகட்டி செபமாலைதாசர் ஆச்சிரமத்துத் துறவிகள் பூசைக்காகச் செய்யும் வைன் ஓர் அழகான விதிவிலக்கு.

முழுக்க முழுக்க இந்த மண்ணிலிருந்து எழும் மது தென்னையினதும் பனையினதும்தான். வெளிநாட்டு நாணயம் செலவில்லை, உழவில்லை, விதைப்பில்லை. மரம் நிற்கிறது. கத்தியும் முட்டியும் கயிறும் ஏறும் துணிவும் போதும். வேறு நாடு என்றால் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கும். மெக்சிக்கோவில் டெக்கீலா எந்தச் செடியிலிருந்து, எந்த மாநிலங்களில் செய்யப்படவேண்டும் என்று சட்டம் காவல் நிற்கிறது. பிரான்சில் கொன்யாக் என்ற பெயரைக் கொன்யாக் பகுதியைத் தவிர வேறெவரும் தொடமுடியாது. எங்கள் சாராயத்துக்கு அப்படிப்பட்ட காவல் போதிய அளவு இல்லை.

மதுவின் கேட்டை மறைக்க இதை எழுதவில்லை. குடியால் அழிந்த குடும்பங்களை எங்கள் வடிசாலை வாசலிலேயே பார்த்திருக்கிறேன். சம்பள நாளில் மனைவிமார் வந்து வாசலில் காத்து நிற்பார்கள். ஆனால் சாராயத்தின் விலையில் பெரும்பங்கு வரி என்பதும், அது ஏறும்போதெல்லாம் ஏழை கசிப்பு எனும் கள்ளச்சாராயத்தின் பக்கம் சாய்கிறான் என்பதும் உண்மை. கள்ளுத் தட்டுப்பாடான இடங்களில் சீனியும் ஈஸ்ட்டும் இன்ன பிறவும் கலக்கி 'கள்ளு' என்று விற்கிறார்கள் என்பதும் உண்மை. தெரியாத பண்டத்தைக் குடிப்பதைவிடத் தெரிந்த பண்டத்தைக் குறைவாகக் குடிப்பது நல்லது. நல்ல மரத்துக் கள்ளு கிடைக்கச் செய்வதும் மதுக்கட்டுப்பாட்டின் ஒரு பகுதிதான்.

செய்யவேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. போத்தலில் கள்ளிலிருந்து வடித்த சாராயம் எத்தனை வீதம் என்று பெரிய எழுத்தில் அச்சிடவேண்டும். கள்ளுக்குப் பலத்தைப் பார்த்து விலை கொடுப்பதோடு, புளிக்காமல் நேரத்துக்குக் கொண்டுவருபவருக்கு மேல்விலையும் கொடுக்கவேண்டும். மரமேறுகிறவருக்கு விபத்துக் காப்புறுதி கட்டாயமாக வேண்டும். அதைக் கட்டவேண்டியது அவருடைய கள்ளால் வரி வாங்கும் அரசும் இலாபம் வாங்கும் கம்பனியும். பனைக் கூட்டுறவுச் சங்கங்களின் வடிசாலைகளைப் பருவத்துக்கு ஏற்றபடி நடத்தவிட வேண்டும். இளைஞர்கள் தொழிலுக்கு வரவில்லை என்று புலம்புவோர் இவற்றைச் செய்துவிட்டுப் புலம்பட்டும்.

வாசகருக்கும் ஒரு சொல். குடிக்காதவராக இருந்தால் குடிக்கத் தொடங்க வேண்டாம். குடிப்பவராக இருந்தால் அடுத்த முறை கடையில் போத்தலைத் திருப்பி, அது தென்னஞ்சாராயமா, பனஞ்சாராயமா, கழிவுப்பாகா என்று வாசியுங்கள். எழுதியிருக்காவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் அந்தப் போத்தலை வாங்காதீர்கள். ஏறுகிறவருக்குச் சேரவேண்டியது அந்தக் கேள்வி கேட்கப்படும் நாளிலிருந்துதான் சேரும்.